ஊருக்குப் போய் மனிதர்களைப் படமெடுக்க நினைக்கிறவர்களுக்கு

லண்டனிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ விடுமுறைக்குத் தமிழ்நாடு போகிற நம்மில் பலர் நல்ல கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு போகிறோம். திரும்பி வந்து காட்டுகிற படங்களில் கோபுரம் இருக்கும், வாழையிலைச் சாப்பாடு இருக்கும், மனிதர்கள் என்று பார்த்தால் எதிர்த் தெருவிலிருந்து ஜூம் போட்டு எடுத்த ஒரு பாட்டியின் முகம் இருக்கும். தன்னைப் படமெடுத்தது அந்தப் பாட்டிக்குத் தெரியாது, பாட்டியின் பெயர் எடுத்தவருக்குத் தெரியாது. மொழி தெரியாத வெளிநாட்டுப் பயணி அப்படிச் செய்தால் சரி என்று விட்டுவிடலாம். உங்களுக்குத் தமிழ் தெரியும், தட்டுத் தடுமாறிப் பேசினாலும் போதும், அதனால் பெரிய லென்ஸை வீட்டில் வைத்துவிட்டு 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸோடு, இல்லையென்றால் வெறும் போனோடு, பக்கத்தில் போய் உட்காருங்கள், கேட்டுவிட்டு எடுங்கள்.

கேட்டுவிட்டு எடுத்தால் விறைத்துக்கொள்வார்கள், இயல்பான படம் கிடைக்காது என்பார்கள். விறைக்கத்தான் செய்வார்கள். போட்டோ என்றால் ஸ்டுடியோவில் போய் நிற்பது என்று பழகிய தலைமுறை அது. முந்தானையைச் சரிசெய்து, தலையைக் கோதி, கையைத் தொடைமேல் வைத்து, சிரிக்காமல் நேராகப் பார்ப்பார்கள். அந்தப் படத்தை அவசரப்படாமல் நன்றாக எடுங்கள், ஏனென்றால் அவர்கள் விரும்புகிற படம் அதுதான். எடுத்ததைக் காட்டுங்கள். அப்புறம் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். கொஞ்ச நேரத்தில் அவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவ ஆரம்பிப்பார், பேரனை அதட்டுவார், கடைக்காரரோடு பாக்கிக் கணக்குப் பேசுவார், நீங்கள் இருப்பதே மறந்துபோகும், ஏற்கெனவே சம்மதம் கொடுத்துவிட்டதால் கேமரா மெல்ல மேலே வந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். நீங்கள் தேடிப்போன படம் அப்போதுதான் கிடைக்கும். அரை மணி நேரம் ஒதுக்க முடியாத நாளில் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளலாம்.

“ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா பாட்டி?” என்று கேட்டாலே எங்கும் புரியும். மதுரை, சிவகங்கைப் பக்கம் ஆத்தா, அப்பத்தா என்றால் முகம் மலரும். திருநெல்வேலி, தூத்துக்குடியில் ஆச்சி, கடைக்காரர் என்றால் அண்ணாச்சி. கோவை, ஈரோட்டுப் பக்கம் எதற்கும் ஒரு ‘ங்க’ சேர்த்துக்கொள்ளுங்கள். ஈழத்துப் பேச்சு உள்ளவர்கள் அதை மாற்றிப் பேசத் தேவையில்லை, “நீங்க சிலோனா?” என்று அவர்களே ஆரம்பித்துவிடுவார்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, என்ன சம்பளம் என்றெல்லாம் கேட்பார்கள், சலித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள். அவருடைய முகத்தை நீங்கள் கேட்கிறபோது அவர் உங்கள் கதையைக் கேட்பதில் என்ன தவறு?

சிலர் வேண்டாம் என்பார்கள். போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று நம்புகிற பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கைக்குழந்தை என்றால் கண் பட்டுவிடும் என்ற பயம். இளம்பெண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் படம் இணையத்தில் எங்கே போய்ச் சேரும் என்ற கவலை, அது நியாயமான கவலை. எங்கே போடுவீர்கள், போடவே மாட்டீர்களா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அழிக்கச் சொன்னால் அவர்கள் கண் முன்னாலேயே அழியுங்கள், போனில் அழித்த படங்கள் போய்ச் சேரும் இடத்திலிருந்தும் சேர்த்து.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பானது. பல கிராமங்களில் ஊர் தனி, தலித் மக்கள் வாழும் காலனி தனி. உங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுகிற சொந்தக்காரர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறார் என்று கவனியுங்கள். அவர் போகாத தெருவையும் சேர்த்தால்தான் அது உங்கள் ஊர். ஆனால் அங்கே போய் ஒழுகும் கூரையையும் வெறுங்காலையும் மட்டும் எடுத்துவிட்டு வருவதை விடப் போகாமலே இருக்கலாம். அங்கேயும் முதலில் உட்காருங்கள், ஊருக்குள் எப்படிக் கேட்டீர்களோ அப்படியே கேளுங்கள். எப்படி எடுப்பது என்று பார்க்க, கிராமப்புற வாழ்க்கையைப் பதிவுசெய்யும் ‘பாரி’ இணைய ஆவணக் காப்பகத்தில் எம். பழனி குமாரின் படங்களைத் தேடிப் பாருங்கள். மதுரைப் பக்கத்துக்காரர், அம்மா மீன் விற்றவர், தூய்மைப் பணியாளர்களையும் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் வருடக்கணக்கில் தொடர்ந்து எடுத்தவர். 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப்பட ஒளிப்பட விருது பெற்றார். அந்தப் படங்களில் யாரும் பரிதாபத்துக்காக நிற்கவில்லை.

வெளிச்சத்துக்கு வருவோம். ஆகஸ்ட் விடுமுறையில் போகிறவர்களுக்கு நடுப்பகல் வெயில் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர் மேலே இருக்கும், கண்கள் இரண்டும் கருங்குழியாகிவிடும். காலை எட்டரைக்குள்ளும் மாலை நாலரைக்குப் பிறகும் தெருவில் எடுங்கள், நடுவில் திண்ணை, சலூன், டீக்கடை, தறிக்கூடம் என்று நிழலுக்குள் போய்விடுங்கள். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருவர் மேல் விழுகிற வெளிச்சத்துக்கு ஈடு கிடையாது. வெள்ளை வேட்டியும் துண்டும் கேமராவை ஏமாற்றும், வெள்ளையைப் பார்த்து அது வெளிச்சத்தைக் குறைக்க, முகம் இருண்டுபோகும். வெளிச்சத்தின் அளவை முகத்தில் எடுங்கள், போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தாலே போதும். வேட்டி கொஞ்சம் வெளிறினால் பரவாயில்லை. போனில் இருக்கிற அழகுபடுத்தும் வசதியைத் தயவுசெய்து அணைத்துவிடுங்கள். நம் ஆட்களின் கறுப்பை வெளுப்பாக்கி, சுருக்கத்தை மெழுகித் தருகிற படம் அவர்களுடைய படமே இல்லை.

அமெரிக்கா, கனடாவிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. டீக்கடை டியூப் லைட்டில் படம் வரிவரியாக விழுந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். அப்புறம், டிரோன் கொண்டுவராதீர்கள். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்கு இந்தியாவில் தடை, விமான நிலையத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள்.

எங்கே போவது? உங்கள் ஊர் வாரச்சந்தையே போதும், அதற்கு மேல் வேண்டுமென்றால் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட், விடியற்காலையில் சென்னைக் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். பொள்ளாச்சி மாட்டுச் சந்தை போன்ற இடங்களில் துண்டை மேலே போர்த்தி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பார்க்கலாம், அங்கே கையையும் முகத்தையும் ஒரே படத்தில் பிடிக்கப் பாருங்கள். மார்கழியில் போகிறவர்களுக்கு விடியற்காலைக் கோலம். ஆடியில் போகிறவர்களுக்கு அம்மன் கோயில் கூழும், ஆகஸ்ட் தொடக்கத்தில் காவிரிக் கரையில் பதினெட்டாம் பெருக்கும். அங்கே மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்பவர்களைக் கேட்டு எடுக்கலாம், குளிப்பவர்கள் பக்கம் கேமராவே திரும்பக் கூடாது. சாவு ஊர்வலத்தையும் எடுக்க வேண்டாம். சாமி வந்து ஆடுகிறவரை அவர் வீட்டார் சம்மதமில்லாமல் எடுக்காதீர்கள், எடுத்தாலும் வெளியே போடாதீர்கள். கோயிலுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது, மதுரை மீனாட்சி கோயிலில் அதற்கு முன்பே தடை உண்டு. ஆகவே வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வயலில் நடவு நடுகிறவர்களையும் உப்பளத்தில் வாருகிறவர்களையும் நிறுத்தி வைக்காதீர்கள், நட்டதைப் பிடுங்கி மறுபடி நடச் சொல்லாதீர்கள். அவர்களுக்கு அது கூலி நேரம். இடைவேளையில் போய் அவர்களோடு டீ குடியுங்கள். படத்துக்குக் காசு நீட்டுவது எனக்குப் பிடிக்காது, அடுத்து வருகிற எல்லோரிடமும் கை நீட்ட வேண்டிய நிலையில் அவரைக் கொண்டுபோய் விட்டுவிடும். பூக்காரம்மாவிடம் நாலு முழம் வாங்குங்கள், இளநீர்க்காரரிடம் இளநீர் குடியுங்கள். ஆனால் ஒருவருடைய அரை நாளை உங்களுக்காகவே எடுத்துக்கொண்டால் அவருடைய கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுவதுதான் நியாயம்.

கடைசியாகப் பிரிண்ட். இதை மட்டும் தவறவிடாதீர்கள். கிராமத்தில் பல பெரியவர்களுக்கு ஆதார் அட்டையிலும் ரேஷன் கார்டிலும் இருப்பதைத் தவிர வேறு படம் கிடையாது, போன பிறகு அந்தக் கலங்கிய முகத்தைத்தான் பெரிதாக்கி மாலை போடுகிறார்கள். பக்கத்து டவுன் ஸ்டுடியோவில் அன்றைக்கே பிரிண்ட் போட்டு, லேமினேட் செய்து தருவார்கள், பெரிய செலவு இல்லை. அவர் விறைத்து நின்ற அந்த முதல் படத்தைப் போடுங்கள், இயல்பாக எடுத்ததையும் சேர்த்துக் கொடுங்கள், எது சாமி படத்துக்குப் பக்கத்தில் போகிறது என்பதை வீட்டார் முடிவு செய்யட்டும். ஊரை விட்டுக் கிளம்பும் முன் நேரில் கொடுக்க முடியவில்லையென்றால் பேரன் பேத்தியின் வாட்ஸ்அப் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், முகவரியைப் பின்கோடோடு எழுதி டீக்கடைக்காரர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள், தபால்காரர் வீட்டில் ஆளைக் காணவில்லையென்றால் அங்கேதான் விசாரிப்பார்.