தலைக்கேற்ப வளையும் ஹேர் பிரஷ்: வடிவமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தலையின் வளைவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் பிரஷ் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது மெத்தென்ற ரப்பரைத்தான். கோளாறு அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. பிரஷில் வளைய வேண்டியது தளம். முள் விறைப்பாக நிற்க வேண்டும். இரண்டையும் ஒரே மெத்தென்ற பொருளில் வார்த்துவிட்டால், அடர்த்தியான முடிக்குள் இறங்கும்போது முள்ளே மடங்கிப் படுத்துக்கொள்ளும். மேல்முடி படிந்து பளபளக்கும், அடியில் சிக்கு அப்படியே இருக்கும். இடுப்புவரை முடி, வாரம் ஒருமுறை எண்ணெய்க் குளியல், மோட்டாரில் ஏறுவது உப்புத் தண்ணீர் என்று இருக்கும் வடசென்னை வீடுகளில் அந்தப் பிரஷ் இரண்டாவது வாரமே அலமாரிக்குள் போய்விடும்.

எத்தனை மில்லிமீட்டர் என்று தெரியாமல் வளைப்பது

பெரியவர் ஒருவரின் தலைச் சுற்றளவு 56 செ.மீ என்று வைத்துக்கொள்வோம். அதை வட்டமாக எடுத்தால் ஆரம் ஏறத்தாழ 90 மி.மீ. அதன்மேல் 100 மி.மீ நீளமுள்ள தட்டையான தளத்தை வைத்தால், நடு தொடும்போது இரண்டு முனைகளும் தலையிலிருந்து 15 மி.மீ தள்ளி நிற்கும். நீளத்தை 70 மி.மீ ஆகக் குறைத்தால் அந்த இடைவெளி 7 மி.மீ. 60 ஆக்கினால் 5. ஸ்பிரிங், கீல், காற்று மெத்தை என்று யோசிப்பதற்கு முன்னால் நீளத்தைக் குறைப்பதே பாதி வேலையை முடித்துவிடும். கடையில் பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக நீளத்தை விடாமல் பிடித்துக்கொள்வதுதான் இந்தக் கட்டத்தில் நடக்கும் தவறு. ஐந்து வயதுக் குழந்தையின் தலை 50 செ.மீ அளவில் இருக்கும், ஆரம் 80 மி.மீ. அங்கே 100 மி.மீ தளத்தின் முனைகள் 17 மி.மீ-க்கு மேல் தள்ளி நிற்கும்.

தலை உருண்டையும் இல்லை. பின்மண்டை மேட்டில் ஆரம் 40 மி.மீ வரை இறங்கலாம். அதற்குச் சற்றுக் கீழே பிடரியில் வளைவு உள்நோக்கித் திரும்பிவிடும். நெற்றிப்பொட்டு கிட்டத்தட்டத் தட்டை. காதுக்குப் பின்னால் சின்னதாக ஓர் எலும்பு மேடு. துணிக்கடையில் வைக்கும் தெர்மாகோல் பொம்மைத் தலையில் இவை எதுவும் சரியாக இருக்காது. அதை நம்பி வடிவமைத்தால் உச்சியில் மட்டும் நன்றாக உட்காரும் பிரஷ்தான் கிடைக்கும். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் ஒற்றை இழைச் செம்புக் கம்பி ஒரு முழம் போதும். தலையில் அழுத்தி வளைத்து, வளைவு கலையாமல் எடுத்து, கிராஃப் தாளில் வைத்து வரைய வேண்டும். உச்சி, முன்நெற்றி, பொட்டு, காதுக்குப் பின், பின்மண்டை, பிடரி என்று ஆறு இடங்கள். குழந்தை, ஆண், பெண் என்று கலந்து பத்துத் தலைகளாவது எடுத்தால்தான் தளம் எவ்வளவு குழிய வேண்டும், எவ்வளவு புடைக்க வேண்டும் என்பது எண்ணாகக் கைக்கு வரும்.

முள் நுனிகள் நெருங்கிவருவதை மறப்பது

வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போவது இதுதான். தளம் தலையைச் சுற்றிக் குழிந்து உட்காரும்போது முட்கள் எல்லாம் தலையின் மையத்தை நோக்கித் திரும்புகின்றன. அடியில் இருக்கும் இடைவெளி நுனியில் இருக்காது. 15 மி.மீ நீள முட்களை 5 மி.மீ இடைவெளியில் நட்டால், 90 மி.மீ ஆரத்தில் நுனிகளுக்கு நடுவே 4.3 மி.மீ மிஞ்சும். பின்மண்டை மேட்டில் அது 3.6. தொடக்கத்திலேயே 4 மி.மீ-தான் விட்டிருந்தால் அங்கே 2.9. நுனி உருண்டையின் விட்டம் 1.5 மி.மீ என்றால் முடி நுழைய உண்மையில் கிடைப்பது 1.4 மி.மீ. எண்ணெய் தேய்த்த முடிக்கற்றை அந்தச் சந்தில் இறுகிக்கொள்ளும். "மெத்துனுதான் இருக்கு, ஆனா பின்னாடி மட்டும் புடிச்சு இழுக்குது" என்று யாராவது சொன்னால் ரப்பரை மாற்றிப் பயனில்லை, இடைவெளியைத்தான் மாற்ற வேண்டும்.

அடியில் 5.5 முதல் 6 மி.மீ விடுங்கள். வரிசைகளை நேருக்கு நேர் வைக்காமல் ஒன்றுவிட்டு ஒன்று தள்ளி நடுங்கள். நீளத்தில் 14, 17 என்று மாற்றி மாற்றி வைத்தால் பக்கத்துப் பக்கத்து நுனிகள் ஒரே ஆழத்தில் சந்திக்காது. 17 மி.மீ முட்கள் முதலில் சிக்கைப் பிரிக்கும், பின்னால் வரும் 14 ஒழுங்குபடுத்தும்.

நுனியிலும் ஒரு கவனம் வேண்டும். முள்ளின் முனையில் பிசினை முக்கி உருண்டையாக்கும் பழைய முறை மலிவு. ஆனால் உருண்டையின் கழுத்தில் முடி மாட்டும். உருண்டை உதிர்ந்தால் மிஞ்சும் மொட்டை முனை தலையைக் கீறும். முள்ளோடு சேர்த்தே, அரை மில்லிமீட்டர் ஆரத்தில் வழவழப்பாக வார்ப்பதுதான் சரி. மோல்டின் இரு பாதிகள் சேரும் கோடு நுனியின் மேல் ஓடினால் அங்கே மெல்லிய பிசிர் நிற்கும். கண்ணால் பார்த்தால் தெரியாது. பெண்கள் போடும் மெல்லிய நைலான் காலுறையைப் பிரஷின்மேல் விரித்து இழுத்தால் பிசிர் இருக்கும் முள்ளில் நூல் மாட்டி நிற்கும்.

ஓரம் இறுகிப்போவது

தளமாக இருக்கும் ரப்பர் மெத்தையைச் சுற்றுச் சட்டத்தில் விறைப்பாக இழுத்துப் பொருத்தினால் நடுப்பகுதி நன்றாக அமுங்கும், ஓர வரிசை அசையவே அசையாது. அந்த ஓர முட்கள்தான் நெற்றிப்பொட்டிலும் காதோரத்திலும் குத்துகின்றன. சட்டத்துக்கும் முதல் வரிசைக்கும் நடுவில் 8 மி.மீ வெற்று ரப்பராவது இருக்க வேண்டும். அந்த இடத்தை ஒரு சின்ன அலைமடிப்பாக வார்த்தால் இன்னும் நல்லது. அழுத்தும்போது ரப்பர் நீள வேண்டியதில்லை, மடிப்பு பிரிந்தால் போதும். பிடரிக் குழியில் தளம் வெளிநோக்கிப் புடைக்கவும் அந்த மடிப்பே இடம் கொடுக்கும்.

கையால் அமுக்கிப் பார்த்து முடிவெடுப்பது

ஓர வெற்று ரப்பர் போக முட்கள் நிற்கும் பரப்பு 70க்கு 60 மி.மீ என்றால், 6 மி.மீ இடைவெளியில் ஏறத்தாழ 130 முட்கள் அடங்கும். 400 கிராம் அழுத்தம் எல்லாவற்றிலும் சமமாகப் பரவினால் முள்ளுக்கு 3 கிராம். தளம் வளையாமல் நடுவில் 18 முட்கள் மட்டும் தலையைத் தொட்டால் முள்ளுக்கு 22 கிராம். வலிக்கும் பிரஷுக்கும் வலிக்காத பிரஷுக்கும் உள்ள வித்தியாசம் இந்த 3-க்கும் 22-க்கும் நடுவில்தான் இருக்கிறது. கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தால் இது ஒருநாளும் தெரியாது, ஏனென்றால் விரல் ஒரே இடத்தில்தான் அமுக்குகிறது.

18 செ.மீ வாயுள்ள அரைக்கோள எவர்சில்வர் கிண்ணம் ஒன்றை எலக்ட்ரானிக் சமையல் தராசின்மேல் கவிழ்த்து வைத்து, அதன்மேல் நீச்சல் குல்லாயை இழுத்து மாட்டி, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். முள் நுனிகளை ஸ்டாம்ப் பேடில் ஒற்றி, தராசு 300 கிராம் காட்டும்வரை பிரஷை நேராக அழுத்தி எடுத்து, குல்லாயில் விழுந்த புள்ளிகளை எண்ணுங்கள். முக்கால்வாசி முட்களாவது பதிந்திருக்க வேண்டும். நடுவில் கறுப்பாகவும் ஓரத்தில் வெறுமையாகவும் இருந்தால் தளம் விறைப்பு. எல்லாமே பதிந்தும் புள்ளிகள் கோடுகளாக இழுபட்டிருந்தால் முள் சாய்கிறது, வேரில் பிடிப்பு போதவில்லை. பிறகு அதே குல்லாயை ஒருவர் தலையில் மாட்டி, பின்மண்டையிலும் பிடரியிலும் திரும்பச் செய்து பாருங்கள்.

எண்ணெயைக் கணக்கில் எடுக்காதது

வெளிநாட்டு மாதிரியைப் பார்த்து அப்படியே செய்யும் பிரஷ்கள் நம் ஊரில் தோற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் இல்லை. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டித்தான் உறைகிறது. சென்னையில் அது அநேகமாக வருடம் முழுக்கத் திரவமாகவே இருக்கிறது. வாரும்போது முள் வழியாக இறங்கி, முள் ரப்பருக்குள் நுழையும் துளையில் போய்த் தங்குகிறது. இயற்கை ரப்பர் எண்ணெயைக் குடித்து உப்பும், துளை தளரும், முள் உள்ளே அமுங்கி வெளியே வராது. பழைய குஷன் பிரஷில் அங்கங்கே குழி விழுந்தாற்போல் முட்கள் காணாமல் போவது இப்படித்தான். டிபிஇ எனப்படும் மெத்தென்ற பிளாஸ்டிக்குகளில் மலிவாகக் கிடைக்கும் ரகங்கள் பிசுபிசுத்துப்போகும். கைப்பிடிக்கு ஏபிஎஸ் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கைப் போட்டால், திருகு இறங்கும் இடத்திலும் மாட்டும் கொக்கியின் மூலையிலும் எண்ணெய் பட்டுப் பட்டுக் கீறல் ஓடும். இழுவிசை நிற்கும் இடங்களில் ஏபிஎஸ்ஸுக்கு எண்ணெய் ஆகாது.

மெத்தைக்குச் சிலிக்கான் ரப்பர், ரப்பரின் கடினத்தைக் காட்டும் ஷோர் ஏ அளவில் 20 முதல் 30. கைப்பிடிக்கும் சட்டத்துக்கும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக். சிலிக்கானுக்கு ஒரு பலவீனம் உண்டு: சின்ன வெட்டு விழுந்தால் அங்கிருந்து சரசரவென்று கிழியும். அதனால் முள் துளைகளைப் பஞ்ச் கருவியால் குத்தாதீர்கள். வார்க்கும்போதே, விளிம்பு மழுங்கலாக விடுங்கள். முள்ளுக்கு நைலான் 6 வழக்கம்தான், ஆனால் தண்ணீரில் ஊறினால் எடையில் 9 சதவீதம் வரை உறிஞ்சித் தளர்ந்துவிடும். குளித்துவிட்டு ஈரத்தலையோடு வாரும்போது காய்ந்த முள்ளின் விறைப்பு இருக்காது. பிபிடி என்ற பிளாஸ்டிக் அந்த வகையில் நம்பகம்.

எந்தப் பொருளானாலும் சோதிக்காமல் வாங்க வேண்டாம். 20 மி.மீ சதுரத் துண்டு ஒன்றை வெட்டி, 0.01 கிராம் காட்டும் தராசில் எடை போடுங்கள். சௌகார்பேட்டையில் நகைக்கடைத் தராசு சாதாரணமாகக் கிடைக்கும். துண்டைத் தேங்காய் எண்ணெயில் 7 நாள் மூழ்க வைத்து, துடைத்து, திரும்ப எடை போடுங்கள். 5 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ, பக்கவாட்டில் நீண்டிருந்தாலோ அந்தப் பொருளை விட்டுவிடலாம். நல்லெண்ணெயிலும், கடையில் விற்கும் மினரல் ஆயில் கலந்த கூந்தல் எண்ணெயிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒன்றில் தாங்குவது இன்னொன்றில் தாங்காது.

துண்டு துண்டாக அசையும் தளமும் உலோக ஸ்பிரிங்கும்

தளத்தை ஐந்தாறு பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனியாக அசையவிடுவது வரைபடத்தில் அழகு. ஒரு முடியின் பருமன் 0.06 முதல் 0.1 மி.மீ. பட்டைகளின் இடைச்சந்து அழுத்தும்போது விரிந்து, விட்டதும் மூடுகிறது. மூடும்போது உள்ளே போன முடியைக் கவ்விப் பிடுங்கும். சந்தை எவ்வளவு குறைத்தாலும் முடி நுழையும். பட்டைகளுக்கு மேல் ஒரே தொடர்ச்சியான சிலிக்கான் தோலைப் போர்த்தி, முட்களை அந்தத் தோல் வழியாக வெளியே எடுப்பது ஒன்றே வழி.

அடியில் இரும்பு ஸ்பிரிங் வைத்தால் காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் உப்புக்காற்றில் குளியலறைக்குள்ளேயே துரு ஏறும். 304 எவர்சில்வர்கூடக் கடலோரத்தில் பழுப்புக் கறை பிடிக்கும். உலோகமே இல்லாமல், பாலிபுரொப்பிலீனிலேயே 0.3 முதல் 0.5 மி.மீ கனத்தில் மெல்லிய கீல் வார்த்துவிடலாம். உருகிய பிளாஸ்டிக் கீலைக் குறுக்காகக் கடந்து ஓடும்படி ‘கேட்’டை, அதாவது மோல்டுக்குள் பிளாஸ்டிக் நுழையும் வாயை, வைக்கச் சொல்லுங்கள். மோல்டிலிருந்து எடுத்த சூட்டிலேயே சில தடவை மடக்கி நிமிர்த்த வேண்டும். ஆறிய பிறகு முதன்முதலாக மடக்கினால் வெளுத்து வெடிக்கும்.

மோல்டுக்கு அவசரப்படுவது

வியாசர்பாடி, மாதவரம் பக்கத்துப் பட்டறையில் ஸ்டீல் மோல்டு வெட்டக் கொடுப்பதற்கு முன், மெத்தையைச் சிலிக்கானில் கையால் வார்த்து மூன்று நான்கு கனங்களில் பாருங்கள். பிளாட்டினம் வகைச் சிலிக்கான் லேடெக்ஸ் கையுறை பட்டாலும், கந்தகம் கலந்த களிமண் பட்டாலும், சில ரெசின் 3டி பிரிண்ட்டுகளின்மேல் ஊற்றினாலும் உறையாது, தொட்ட இடம் பிசுபிசுவென்றே நிற்கும். கலவை கெட்டுவிட்டது என்று நினைத்து டப்பாவையே தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. நைட்ரைல் கையுறைக்கு மாறினால் பல நேரம் பிரச்சினை தீர்ந்துவிடும். வாக்யூம் பம்பு வைத்துக் கலவையிலிருந்து காற்றை எடுக்கும்போது கலவை நாலைந்து மடங்கு பொங்கும், பெரிய பாத்திரம் வேண்டும்.

பாலிபுரொப்பிலீன் ஆறும்போது 1.5 முதல் 2 சதவீதம் சுருங்கும். 70 மி.மீ சட்டத்தில் அது 1 மி.மீ-க்கும் மேல். இதை மோல்டு அளவில் சேர்க்காவிட்டால் மெத்தை சட்டத்துக்குள் உட்காராது, அமுக்கி உட்கார வைத்தால் நடுவில் மேடு கட்டிக்கொள்ளும்.

காய்ந்த, சுத்தமான முடியில் மட்டும் சோதிப்பது

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் புகுந்தது பழைய கதை. கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீரில் குளித்த முடி மொரமொரவென்று இருக்கும், உரசல் கூடும். ஈர முடி காய்ந்த முடியைவிட அதிகம் நீளும், சுலபமாகச் சேதமாகும். எண்ணெய்த் தலை, உப்புத் தண்ணீரில் அலசிய ஈரத்தலை, காய்ந்த தலை என்று மூன்றிலும் ஒரே பிரஷை ஓட்டி, உதிர்ந்த முடியைத் தனித்தனித் தாளில் எடுத்து ஒப்பிடுங்கள். வேரோடு வந்தது தானாக உதிர்ந்ததாகவோ இழுப்பாகவோ இருக்கலாம். பாதியில் அறுந்தது சிக்கு அல்லது பிசிர்.

கழுவுவதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். காற்று மெத்தைக்கு அடியில் 1.5 முதல் 2 மி.மீ துளை தேவை, இல்லாவிட்டால் காற்று அடைபட்டு மெத்தை கல்லாகும். அதே துளை வழியாகத் தண்ணீர் போய் உள்ளே பூஞ்சை பிடிக்கும். லிடா நியூமன் 1898-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற பிரஷிலேயே முள்பகுதியைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வசதி இருந்தது. இன்று செய்யும் பிரஷில் அது இல்லாமல் இருக்க நியாயமே இல்லை. மெத்தை விரலாலேயே கழன்று வர வேண்டும், திருகு கூடாது.

கடைசியாக ஒன்று. காசிச் செட்டித் தெரு மொத்த வியாபாரிகளிடம் மாதிரியைக் காட்டி ஆர்டர் கேட்பதற்கு முன்பே வடிவத்துக்கான பதிவு விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். வெளியே காட்டிய வடிவம் புதியது என்ற தகுதியை இழக்கக்கூடும். 2000-ஆம் ஆண்டின் டிசைன்ஸ் சட்டத்தில் பதிந்தால் 10 ஆண்டு, நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு பாதுகாப்பு. ஆனால் அது தோற்றத்துக்கு மட்டும்தான். அலைமடிப்பு ஓரம், தோல் போர்த்திய பட்டைகள் போன்றவை வேலை செய்யும் விதத்தில் ஏதாவது புதிதாகக் கண்டுபிடித்திருந்தால் அதற்குத் தனியாகக் காப்புரிமை விண்ணப்பம் போட வேண்டும். சென்னைக் காப்புரிமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது.