பேரப்பிள்ளைகளோடு திடல் சுற்றுவது எப்படி: ஓய்வு பெற்ற பஸ் ஓட்டுநரின் சிங்கப்பூர்க் குறிப்புகள்

இருபத்து நான்கு ஆண்டுகள் சிங்கப்பூரில் பஸ் ஓட்டினேன். அத்தனை காலமும் விளையாட்டுத் திடல்களைக் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. ஓய்வு பெற்ற பிறகு, நான்கு வயதுப் பேத்தியும் இரண்டு வயதுப் பேரனும் பகலெல்லாம் என் பொறுப்பு. இப்போதுதான் ஒவ்வொரு திடலாக இறங்கிப் பார்க்கிறேன்.

திடலைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் சறுக்குமரத்தின் உயரத்தைப் பார்க்கிறார்கள். நான் கழிப்பறை எங்கே என்று பார்க்கிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்குகளுக்கு நடுவே இருக்கும் திடல்களில் பெரும்பாலும் கழிப்பறை இருக்காது. பக்கத்துக் காப்பிக் கடையோ உணவங்காடியோ எத்தனை நிமிட நடை என்று பிள்ளைகளை இறக்கிவிடும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒருமுறை இது தெரியாமல் பேரனைத் தூக்கிக்கொண்டு மூன்று புளோக் ஓடினேன். காப்பிக் கடை வந்தது, அவன் காத்திருக்கவில்லை.

அடுத்தது நேரம். காலை எட்டு முதல் பத்து வரை, இல்லாவிட்டால் மாலை ஐந்துக்கு மேல். பிற்பகலில் இடி மின்னலோடு மழை வரும் ஊர் இது. மழை வராத பிற்பகல் இன்னும் மோசம். ஒரு நாள் மதியம் எஃகுச் சறுக்குமரத்தில் பேத்தியை உட்கார வைத்துவிட்டேன். தொடை சிவந்துபோய் அலறினாள். அன்று இரவு மகள் என்னிடம் பேசவே இல்லை. அதன் பிறகு புறங்கையை முதலில் வைத்துப் பார்க்கிறேன். பத்து எண்ணும்வரை கை தாங்கினால்தான் பிள்ளைக்கு அனுமதி. கறுப்பு ரப்பர் தரையும் சுடும், செருப்பைக் கழற்ற விடாதீர்கள். பையில் ஒரு பழைய துண்டு இருக்கட்டும். மழை விட்டதும் சறுக்குமரத்தைத் துடைத்துவிட்டால் திடல் முழுவதும் உங்களுக்கே. கொசுத் தடுப்பு மருந்தை வீட்டிலேயே பூசிவிடுங்கள். டெங்கிக் கொசு பகலில் கடிப்பது.

எந்த வயதுப் பிள்ளைக்கு உரியது என்ற பலகை பெரும்பாலான திடல்களில் இருக்கும். அதைப் படியுங்கள். "என் பேரன் கெட்டிக்காரன்" என்று நினைக்கிற தாத்தாக்களுக்காகத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.

முதலில் எங்கே போவது? தோ பாயோ லோரோங் 6-இல் இருக்கும் டிராகன் திடலுக்கு. வீவக வடிவமைப்பாளர் கோர் இயன் கீ 1979-இல் உருவாக்கியது. வண்ண ஓடு பதித்த தலை, இரும்பு வளையங்களால் ஆன உடல், கீழே மணல். மற்றத் திடல்களில் பெரும்பாலானவை ரப்பர் தரைக்கு மாறிவிட்ட பிறகும் இங்கே மணல் இருக்கிறது. பேத்தி டிராகனின் முதுகில் ஏறுவாள். நான் கீழே கை நீட்டியபடி நிற்பேன். பேரன் டிராகனை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஒரு மைலோ டின்னும் கரண்டியும் கொடுத்தால் ஒரு மணி நேரம் மணலிலேயே கிடப்பான். கால் கழுவ ஒரு போத்தல் தண்ணீர் கொண்டுபோங்கள். பூனைகளுக்கும் அந்த மணல் பிடிக்கும் என்பதால், முதலில் ஒரு சுற்று நடந்து பார்த்துவிடுங்கள்.

தெம்பனிஸ் சென்ட்ரல் பூங்காவில் தர்பூசணித் துண்டும் மங்குஸ்தானும் திடலாக நிற்கின்றன. பழத்தின் பெயர் சொல்லிக் கொடுக்க நல்ல இடம். அட்மிரல்டி பூங்காவில் 26 சறுக்குமரங்கள். எண்ணிக்கையைக் கேட்டு மயங்க வேண்டாம். மேட்டுச் சரிவில் அமைந்த பூங்கா என்பதால் ஒவ்வொரு முறையும் நீங்களும் மேலே ஏற வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கான பகுதியோடு நிறுத்திக்கொண்டால் முழங்கால் தப்பும்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் பூமலைக்குள் (சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்கா) இருக்கும் ஜேக்கப் பல்லாஸ் சிறுவர் தோட்டத்தைச் சொல்வேன். கட்டணம் இல்லை. பிள்ளை இல்லாமல் பெரியவர்கள் தனியாக உள்ளே போக முடியாது. அந்த விதி எனக்கு மிகவும் பிடிக்கும். தண்ணீர் விளையாட்டு உண்டு, மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை மூடியிருக்கும். கேட் வரை போய்த் திரும்பிய அனுபவத்தில் சொல்கிறேன்.

பஸ் பற்றி நான் பேசாவிட்டால் எப்படி? 2017 முதல் தள்ளுவண்டியை மடிக்காமலே ஏற்றலாம். சக்கர நாற்காலிக்கான இடத்தில் நிறுத்தி, சக்கரத்தின் பிரேக்கைப் போட்டு, வண்டியைக் கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள். சக்கர நாற்காலியில் ஒருவர் வந்தால் இடம் அவருடையது, வண்டியை மடித்துவிடுங்கள். பிள்ளைகள் மாடி பஸ்ஸில் மேலே போகக் கெஞ்சுவார்கள். பஸ் ஓடும்போது படியில் ஏற்றாதீர்கள். எத்தனை தாத்தாக்கள் விழப் பார்த்தார்கள் என்பது எனக்குத்தான் தெரியும்.

கடைசியில், திடலை விட்டுக் கிளப்புவது. "இன்னும் ஐந்து நிமிடம்" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு என்று தெரியாது. "இன்னும் மூன்று தடவை சறுக்கு" என்று சொல்லி, சேர்ந்து எண்ணுகிறேன். அதற்கும் மசியாவிட்டால், பஸ்ஸில் இறங்கும் மணியை யார் அழுத்துவது என்று கேட்கிறேன். இரண்டு பேரும் செருப்பைத் தேடி ஓடுவார்கள். ஒரே நிறுத்தத்துக்கு மணி நாலைந்து தடவை அடித்தால் ஓட்டுநர் கோபிக்க வேண்டாம். பின்னால் ஒரு தாத்தா உட்கார்ந்திருக்கிறார்.