கூட்டாகச் சேர்ந்து ஹார்டு டிஸ்க் வாங்கினால் வாரண்டியைக் காப்பாற்றுவது எப்படி

பல பேர் சேர்ந்து மொத்தமாக வாங்கினால் விலை குறையும், சரி, ஆனால் பில் ஒருவர் பெயரில்தான் இருக்கும், அதனால் டிஸ்க் கைக்கு வந்ததுமே பில் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள், அதில் உங்கள் டிஸ்க்கின் சீரியல் நம்பரும் இருந்தால் இன்னும் நல்லது. அந்த நம்பரைத் தயாரிப்பாளரின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கென்று போன ஓஇஎம் டிஸ்க் என்றால் பெரும்பாலும் தயாரிப்பாளர் நேரடியாக மாற்றித் தர மாட்டார், விற்றவர்தான் பொறுப்பு.

அப்புறம் சோதனை. இதைத் தள்ளிப்போடவே கூடாது, திருப்பிக் கொடுக்கும் கெடு சீக்கிரம் முடிந்துவிடும். ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நிலையைத் தானே எண் வாரியாகக் குறித்து வைக்கும் பதிவு) காட்டும் மென்பொருளில் 9ஆம் எண்ணில் ஓடிய மணிநேரம் தெரியும், புது டிஸ்க்கில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும் (அதை அழித்துவிட்டு விற்பவர்களும் உண்டு). கெட்டுப்போன அல்லது சந்தேகத்துக்குரிய இடங்களின் எண்ணிக்கையைக் காட்டும் 5, 197, 198 மூன்றையும் குறித்துக்கொண்டு, உள்ளே எதையும் வைப்பதற்கு முன் டிஸ்க் முழுவதும் எழுதிப் படித்துவிட்டு மறுபடி பாருங்கள், ஒன்று ஏறியிருந்தாலும் உடனே திருப்பிக் கொடுங்கள்.

ஒரே பேட்ச்சில் வந்தவற்றை மட்டும் வைத்து ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்து இயக்கும் அமைப்பு) போடாதீர்கள், குறை பொதுவாக இருந்தால் அடுத்தடுத்துப் போய்விடும். வாரண்டியில் மாற்றித் தருவது பல சமயம் பழுது பார்த்த டிஸ்க்காகவே இருக்கும், அதையும் இதே மாதிரி சோதியுங்கள்.