பள்ளம் உண்டு, இறக்கம் இல்லை: பூமியின் வடிவத்தில் நாம் செய்யும் தவறுகள்

பூமி தட்டையில்லை என்று கன்னியாகுமரி மாவட்டத்தில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சின்னமுட்டத்திலிருந்து கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். கரை திரும்பும்போது முதலில் மலை முகடுதான் தெரியும், தென்னந்தோப்பும் கோபுரமும் பிறகுதான் எழும்பி வரும் என்பார்கள். குழப்பம் அதற்கு அப்புறம் தொடங்குகிறது. ஒருவர் ஆரஞ்சுப்பழ வடிவம் என்கிறார், இன்னொருவர் உருளைக்கிழங்கு என்கிறார். எவ்வளவு என்று சொல்லாமல் வடிவத்தை மட்டும் சொல்வதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

“மறைந்த படகை ஜூம் செய்தால் திரும்பத் தெரிகிறதே, பிறகு வளைவு எங்கே?” என்று கேட்பவர்கள் உண்டு. தூரத்தால் சிறுத்துப்போன படகு ஜூமில் தெரியும். வளைவுக்குப் பின்னால் இறங்கிய படகு தெரியாது. மணலில் நிற்பவரின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், தொடுவானம் நாலரை கிலோமீட்டருக்குள்தான். 12 கி.மீ. தொலைவில் இருக்கும் படகின் அடிப்பகுதியில் ஏறத்தாழ 4 மீட்டர் அவருக்கு மறைந்துவிடும். எந்த லென்ஸும் அதை மீட்காது. அதே நேரத்தில் முட்டத்தின் பாறைமேட்டில், கடல்மட்டத்திலிருந்து 30 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்குப் படகு முழுசாகத் தெரியும். இரண்டு பேர், ஆளுக்கொரு போன், ஆளுக்கொரு பைனாகுலர் போதும், இதை நாமே பார்த்துவிடலாம்.

கடற்கரையில் எடுத்த படத்தில் தொடுவானம் வில்லாக வளைந்திருந்தால், அதைப் பூமியின் வளைவு என்று பகிராதீர்கள். அது லென்ஸின் வேலை. தொடுவானக் கோடு படத்தின் நடுவில் வரும்படி எடுத்தால் நேராகிவிடும்.

அடுத்தது ஆரஞ்சு. பூமி சுழல்வதால் நடுப்பகுதி புடைத்திருக்கும் என்று 1687இல் நியூட்டன் சொன்னது சரிதான். நிலநடுக்கோட்டு விட்டம் துருவ விட்டத்தைவிடச் சுமார் 43 கி.மீ. அதிகம். ஆனால் 30 சென்டிமீட்டர் பூகோள உருண்டையில் அது ஒரே ஒரு மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு நசுக்கி வரைந்த பாடப்படம் எதுவும் உண்மை அளவில் இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்தை அளக்க மனிதர்கள் பட்ட பாடு பெரிது. 1802இல் சென்னையில் ஆங்கிலேய ராணுவ அதிகாரி லாம்ப்டன் தொடங்கிய நில அளவை, குமரி முதல் இமயமலை அடிவாரம் வரை சுமார் 2,400 கி.மீ. நீண்டது. வரைபடம் மட்டும் அதன் நோக்கமல்ல. ஒரு அட்சரேகைப் பாகையின் நீளம் வடக்கே போகப் போக எப்படி மாறுகிறது, அதிலிருந்து பூமியின் வடிவம் என்ன என்பதும்தான் கேள்வி.

உருளைக்கிழங்குப் படம் இன்னும் மோசம். அது ஈர்ப்பு வேறுபாட்டைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் படம். நடுவில் புடைத்த சீரான கணக்கு உருவத்தை நீள்கோளம் என்பார்கள்; அதோடு ஒப்பிட்டால் கடல்மட்டத்தின் உண்மையான ஏற்றத்தாழ்வு நியூ கினித் தீவுப் பக்கம் 85 மீட்டர் மேலே, குமரிக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் 106 மீட்டர் கீழே. உலகிலேயே பெரிய தாழ்வு நம் வாசலுக்கு நேரே இருக்கிறது!

இதைத்தான் “ஈர்ப்பு ஓட்டை” என்று வீடியோ போட்டுப் பயமுறுத்துகிறார்கள். அங்கே ஓட்டையும் இல்லை, சுழலும் இல்லை. அடியில் நிறை சற்றுக் குறைவு. அதனால் நீர்மட்டம் கணக்கிட்ட நீள்கோளத்துக்குக் கீழே அமைகிறது, அவ்வளவுதான். அங்கே போகும் கப்பல் இறக்கத்தில் இறங்குவதில்லை. தூக்குக்குண்டு எந்தப் பக்கம் தொங்குகிறதோ அதற்குச் செங்குத்தாகவே நீர்மட்டம் நிற்கும். ஆகவே மாலுமிக்கு எங்கும் சமதளம், தண்ணீர் வழிந்தோட வழியே இல்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் இருந்து மறைந்த டெத்திஸ் கடலின் தரைத்தட்டு ஆழத்தில் அமிழ்ந்ததையும், ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து சூடான, அடர்த்தி குறைந்த பாறைப்பொருள் எழுந்து வந்ததையும் காரணமாகக் காட்டினார்கள், 2023இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள்.

குமரிக் கடற்கரையில் சில ஜிபிஎஸ் செயலிகள் உயரத்தை மைனஸ் 90க்கும் கீழே காட்டுவது இதனால்தான். போன் கெட்டுப்போகவில்லை, அந்தச் செயலி கடல்மட்டத்திலிருந்து அளக்காமல் நீள்கோளத்திலிருந்து அளக்கிறது. டிஜிபிஎஸ் (துல்லியம் கூட்டிய ஜிபிஎஸ்) கருவி கொண்டு நிலத்தின் மட்டம் எடுப்பவர்கள் இங்கே மிகவும் கவனமாக இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். ஒரே எண்ணை மாவட்டம் முழுக்கக் கூட்டிப் போட்டால், வாய்க்கால் தண்ணீர் வரைபடத்தில் ஓடும், தரையில் தேங்கும்.