ஒரு ஜன்னலுக்கு எத்தனை லிட்டர்? வீட்டிலிருந்து கண்ணாடி துடைக்கும் தொழிலுக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

செட்டிநாட்டுப் பக்கம் ஜன்னல் துடைக்கிறதை ஒரு தொழிலாகச் செய்கிறேன் என்று சொன்னால் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் தங்கள் வீட்டு ஜன்னலை எண்ணிப் பார்த்துவிட்டு அவர்களே போன் செய்வார்கள். வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீடு, கல்யாணத்துக்கோ அறுபதாம் கல்யாணத்துக்கோ முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கோ திறக்கும்போது முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை செம்மண் தூசி படிந்திருக்கும். கதவு, கம்பி, மேலே வண்ணக் கண்ணாடி என்று ஒரு வீட்டுக்கு நாற்பது ஜன்னல் என்பது சாதாரணம். வேலைக்குக் குறைவில்லை, சந்தேகமே வேண்டாம். ஆனால் புதிதாக இறங்குகிற தம்பிகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணே, தண்ணிச் செலவு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். அதற்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முதல் ஆறு மாதம் கணக்கே வைக்கவில்லை. வீட்டு போர்வெல்லில் தண்ணீர் இருக்கிறது, அது சும்மாதானே என்று நினைத்தேன். கானாடுகாத்தானில் ஒரு வீட்டில் முகப்பு ஜன்னல்களை எல்லாம் போர்த் தண்ணீரிலேயே கழுவி, துணியால் துடைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது மேற்கு வெயில் பச்சைக் கண்ணாடியிலும் நீலக் கண்ணாடியிலும் விழுந்திருந்தது. ஒவ்வொரு சொட்டு காய்ந்த இடத்திலும் வெள்ளையாக ஒரு வட்டம், ஓரத்தில் மாவு மாதிரி கோடு. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்தபடியே, "ஏப்பா, தொடச்சியா இல்ல இனிமேத்தான் தொடைக்கப் போறியா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு மீதி நாள் முழுக்க அதே ஜன்னல்கள்தான். இரண்டு பேர் கூலியில் அரை நாள் போனது. தண்ணீர் சும்மாதான் வந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

சரி, கணக்குக்கு வருவோம். முதலில் அளக்க வேண்டும், அளக்காமல் பேசுகிற எந்த எண்ணும் நம்பத்தக்கதில்லை.

மீட்டர் வாங்குவதும் பொருத்துவதும்

கடையில் அரை இஞ்ச், அதாவது 15 மி.மீ. மல்டிஜெட் வாட்டர் மீட்டர் என்று கேளுங்கள். மேலே ஐ.எஸ். 779 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முத்திரை இல்லாதது மலிவாகக் கிடைக்கும், ஆனால் நான் அதில் மாட்டிக்கொண்டவன், மூன்று மாதத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிந்து எண்ணே தெரியாமல் போயிற்று.

எங்கே மாட்டுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறு செய்கிறார்கள். மோட்டாரிலிருந்து டேங்குக்கு ஏறுகிற பைப்பில் மாட்டாதீர்கள். போர்த் தண்ணீரோடு மணலும் காற்றும் சேர்ந்து வரும். மணல் உள்ளே இருக்கிற சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும், காற்று அடித்தாலோ தண்ணீர் வராமலே சக்கரம் சுற்றி எண் ஏறும். மாடி டேங்கிலிருந்து இறங்கி வருகிற லைனில், தொழிலுக்கு என்று தனியாக ஒரு குழாய் பிரித்து, அந்தக் குழாய்க்கு முன்னால் மாட்டுங்கள். வீட்டுச் சமையல், குளியல் எல்லாம் அதில் சேரக்கூடாது. எனக்கு முதல் மாதம் 6 கிலோலிட்டர் காட்டியது. என்னடா இது என்று பார்த்தால் என் தம்பி தினமும் அந்தக் குழாயில்தான் பைக் கழுவிக்கொண்டிருந்தான்.

மீட்டரின் மேல் அம்புக்குறி இருக்கும், தண்ணீர் அந்தத் திசையில்தான் போக வேண்டும். எண் தெரிகிற முகம் வானத்தைப் பார்த்து இருக்கட்டும், சாய்த்து மாட்டினால் குறைந்த ஓட்டத்தில் அளவு தப்பும். முன்னால் ஒரு வலை போட்ட ஃபில்டர், அதற்கு முன்னால் ஒரு கேட் வால்வு, இரண்டு பக்கமும் கழற்றி மாட்டுகிற யூனியன் இணைப்பு போட்டுவிட்டால் பின்னாடி கழற்றிச் சுத்தம் செய்வது சுலபம். பிளம்பருக்கு இது அரை மணி நேர வேலை.

படிப்பது எப்படி என்றால், கறுப்பு எண்கள் கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர், அதாவது ஒரு கிலோலிட்டர். சிவப்பில் இருப்பவை அதற்குக் கீழே உள்ள பகுதி. காலையில் கறுப்பில் 41, சிவப்பில் 386 என்று இருந்து சாயங்காலம் 41, 474 என்று காட்டினால் அன்றைய செலவு 88 லிட்டர். தினம் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள், போதும். நான் பக்கத்துச் சுவரில் தொங்குகிற தினசரி காலண்டர் தாளிலேயே எழுதிவிடுவேன், கிழிக்கும்போது நோட்டில் ஏற்றிக்கொள்வேன்.

புது மீட்டரை நம்பும் முன் சோதித்துப் பாருங்கள். 20 லிட்டர் கேனை ஐந்து முறை நிரப்பினால் 100 லிட்டர். மீட்டர் 98க்கும் 102க்கும் நடுவில் காட்டினால் நல்ல மீட்டர். குழாயை முழுசாகத் திறந்து வைத்துத்தான் சோதிக்க வேண்டும். நூல் மாதிரி ஒழுகவிட்டுச் சோதித்தால் தப்பாகத்தான் காட்டும். சாதாரணமாகக் கிடைக்கிற பி கிளாஸ் அரை இஞ்ச் மீட்டர் மணிக்கு 30 லிட்டருக்குக் கீழே ஓடும் தண்ணீரைச் சரியாக அளக்காது.

இதிலிருந்து இன்னொரு விஷயம். எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மீட்டர் முகத்தில் இருக்கிற சின்ன நட்சத்திரச் சக்கரத்தைப் பாருங்கள். அது சுற்றினால் எங்கோ நன்றாகவே ஒழுகுகிறது என்று அர்த்தம். சுற்றவில்லை என்பதால் ஒழுகவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வினாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளைக்கு நாலு லிட்டர் சொச்சம் போகும், அது மீட்டர் கண்ணுக்கே படாது. குழாயடியில் ராத்திரி ஒரு கிண்ணம் வைத்துப் பார்ப்பதுதான் அதற்கு வழி.

எந்தத் தண்ணீர், என்ன விலை

நாற்பது ஜன்னல் வீட்டுக்கு எனக்கு ஆகிற தண்ணீர் சுமார் 100 லிட்டர். பத்து ஜன்னலுக்கு ஒரு தடவை 15 லிட்டர் வாளியை மாற்றுகிறேன், நாலு வாளி 60 லிட்டர். வீட்டுக்கு வந்து துணி அலச, ரப்பர் வைப்பர் கழுவ இன்னொரு 40. ஹோஸ் பைப் பிடித்தால் இதெல்லாம் பறந்துவிடும், ஆனால் இந்த வீடுகளில் ஹோஸைத் தொடவே கூடாது. பர்மா தேக்குச் சட்டத்தில் தண்ணீர் இறங்கி நின்றால் பிறகு மரம் உப்பும், பழைய வண்ணக் கண்ணாடியைப் பிடித்திருக்கிற புட்டியும் மரக்கட்டையும் தளரும்.

இந்த 100 லிட்டருக்கு விலை போட்டுப் பார்க்கிறேன். விலைகளை உதாரணமாகத்தான் சொல்கிறேன், உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சொந்த போர்: 1 ஹெச்.பி. மோட்டார் 1000 லிட்டர் டேங்கை நிரப்ப 40 நிமிஷம் என்று வைப்போம். மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் என்றால் டேங்குக்கு முக்கால் யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் 10 ரூபாய் என்றாலும் 100 லிட்டருக்கு 67 பைசாதான். டிராக்டர் டேங்க் 5000 லிட்டர் 750 ரூபாய் என்றால் லிட்டர் 15 பைசா, 100 லிட்டர் 15 ரூபாய். கேன் தண்ணீர் 20 லிட்டர் 35 ரூபாய் என்றால் லிட்டர் 1.75, முழு வேலையும் அதிலேயே செய்தால் 175 ரூபாய்.

67 பைசா எங்கே, 175 ரூபாய் எங்கே. அதனால் போர்த் தண்ணீரிலேயே முடித்துவிடலாம் என்று தோன்றும். அப்படி முடித்த கதையைத்தான் மேலே சொன்னேன்.

டி.டி.எஸ். மீட்டர் என்று பேனா மாதிரி ஒன்று விற்கிறது, அதை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 1200 என்று காட்டினால் ஒரு லிட்டரில் 1200 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஒரு கண்ணாடியில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தங்கிக் காய்ந்தால் 6 மில்லிகிராம் உப்பு அதிலேயே நிற்கும். குடிதண்ணீருக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் 500 வரை ஏற்கலாம், வேறு வழியில்லாவிட்டால் 2000 வரை அனுமதி. ஆகவே குடிக்கத் தகுந்த தண்ணீர் கண்ணாடிக்கும் நல்லது என்று நினைக்காதீர்கள். காரைக்குடிக்காரர்கள் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பத்து கிலோமீட்டர் தள்ளிப் போனால் போருக்கு போர் ருசி மாறும். போகிற வீட்டில் எல்லாம் பேனாவை முக்கிப் பாருங்கள்.

நான் செய்வது இதுதான். முதல் கழுவலுக்கும் துணி அலசவும் 90 லிட்டரும் போர்த் தண்ணீர். வைப்பர் இழுத்த பிறகு கடைசி ஒரு துடைப்புக்கு மட்டும் 10 லிட்டர் நல்ல தண்ணீர். 60 பைசாவும் 17.50ம் சேர்த்து 18 ரூபாய், ஜன்னலுக்கு 45 பைசா. கறைக்கு வினிகர் போடுகிறவர்கள் அது எங்கே சொட்டுகிறது என்று கவனியுங்கள். ஆத்தங்குடி டைல்ஸ் சிமெண்டு, சுவர் சுண்ணாம்பு, முகப்புத் தரை பளிங்கு, மூன்றுமே புளிப்பு பட்டால் மங்கும். மங்கிய டைல்ஸுக்கு நீங்கள் கொடுக்கப்போகும் விலை எந்தத் தண்ணீர்க் கணக்கிலும் அடங்காது.

வீட்டிலேயே ஆர்.ஓ. மெஷின் இருக்கிறதே என்பார்கள். அதன் கணக்கு வேறு. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும், அதனால் மீட்டர் மெஷினுக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் இருந்தால் பாதிக் கதைதான் தெரியும். தினம் 10 லிட்டர், மாதம் 25 நாள் என்றால் வருஷத்துக்கு 3000 லிட்டர். ஃபில்டர், மெம்பரேன், சர்வீஸ் எல்லாம் வருஷத்துக்கு 4000 ரூபாய் ஆனால் லிட்டருக்கு 1.33 அங்கேயே போயிற்று. கேனை விடப் பெரிய லாபம் இல்லை. வெளியே போகிற உப்புத் தண்ணீரைப் பிடித்து வைத்துத் தரை கழுவலாம், செடிக்கு வேண்டாம்.

எல்லாவற்றையும் விட நல்ல தண்ணீர் அந்த வீடுகளிலேயே விழுகிறது. வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி நாலு பக்க ஓட்டிலிருந்தும் மழை நீர் இறங்கி அண்டாவிலும் தொட்டியிலும் சேரும்படி அந்தக் காலத்திலேயே செய்து வைத்திருக்கிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு மூன்றாவதைப் பிடித்தால், என் பேனாவில் 30 காட்டியது. கேன் தண்ணீருக்கு அது தரத்தில் குறைந்ததில்லை. வீட்டுக்காரரிடமோ வீட்டைப் பார்த்துக்கொள்கிறவரிடமோ கேட்டு, மூடியுள்ள டிரம்மில் வெயில் படாமல் வைத்தால் தை மாதக் கல்யாணங்கள் வரை ஓடும். ஊருணியில் மட்டும் வாளியைப் போட்டுவிடாதீர்கள். குடிநீர் ஊருணியில் கால் நனைக்கவே விடாத ஊர்கள் இவை.

பில்லில் மாட்டாமல் இருக்க

வீட்டு மின் இணைப்பில் தொழிலுக்கு மோட்டார் ஓட்டுவது பற்றி யோசியுங்கள். வாங்கிய காரணத்துக்கு மாறாக மின்சாரத்தைப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் இரண்டு மடங்கு கட்டணம் கணக்கிட முடியும். தினம் 100 லிட்டர் எடுக்கிறவர் பயப்பட வேண்டியதில்லை என்பது என் அபிப்பிராயம், ஆனால் பெரிய டேங்க் வைத்து வண்டியில் ஏற்றுகிற அளவுக்குப் போனால் மின்வாரிய ஆபீசில் கேட்டுவிடுவது நல்லது. இன்னொன்று, வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால் மோட்டார் யூனிட்டும் இலவசம் என்று எண்ண வேண்டாம். மோட்டார் கடைசியில் சேருகிற யூனிட், அதனால் நீங்கள் போய் நிற்கிற மேல் ஸ்லாப் விலையைத்தான் அதற்குப் போட வேண்டும். 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகளின் விலையும் கூடும்.

குழாய் இணைப்பு மாநகராட்சியோ பேரூராட்சியோ கொடுத்த வீட்டு இணைப்பு என்றால் அதைத் தொழிலுக்குத் தொடாதீர்கள். வேண்டுமென்றால் வீட்டு உபயோகமல்லாத இணைப்பாக மாற்றிக் கேளுங்கள். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து உறிஞ்சினால் இணைப்பே போய்விடும்.

நீளக் கம்பியில் ஆர்.ஓ. தண்ணீர் ஏற்றித் துடைக்கும் முறையை வீடியோவில் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்தில் அது சகஜம். அங்கே மீட்டர் உள்ள வீட்டில் கன மீட்டருக்குத் தண்ணீர்க் கட்டணமும் அதே அளவை வைத்துக் கழிவுநீர்க் கட்டணமும் சேர்ந்து வரும், அதனால் அவர்கள் வீணாகிற ஆர்.ஓ. நீரை எண்ணிக்கொண்டே இருப்பார்கள். நிமிஷத்துக்கு 2 லிட்டர் என்றால் மணிக்கு 120, அதை ஆர்.ஓ.வில் தயாரிக்க 360 லிட்டருக்கு மேல். காரைக்குடியில் கண்ணாடி முகப்புள்ள மூன்று மாடிக் கடை கிடைத்தால் யோசிக்கலாம், வளவு வீட்டுக்கு வேண்டாம்.

வாடிக்கையாளரிடம் விலை சொல்லும் முன் ஒரே கேள்வி: "தண்ணி உங்க வீட்டுதா, நான் கொண்டாரணுமா?" அவர்கள் வீட்டுத் தண்ணீர் என்றால் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஒரு கேன் போதும். முழுக்க நான் கொண்டு போவது என்றால் 60 லிட்டர் என்பது 60 கிலோ, மூன்று கேன், ஒருவேளை இரண்டு நடை. அந்தப் பெட்ரோலும் நேரமும் தண்ணீர் விலையைப் போல் சில மடங்கு. அதற்கு நான் வீட்டுக்கு 150 ரூபாய் கூடுதலாகச் சொல்கிறேன், இதுவரை யாரும் மறுக்கவில்லை. அந்தக் கானாடுகாத்தான் ஆச்சி மட்டும், "தண்ணிக்குமா காசு?" என்றார்கள், அப்புறம் தாங்களே வளவுத் தொட்டியைத் திறந்துவிட்டார்கள்.