மகஜர் எழுதும்போது நாம் விடும் பிழைகள்

சுவிசிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான், சனசமூக நிலைய வாங்கில் இருந்தபடி எங்கள் வீதி வெள்ளம் பற்றிய மகஜரை, அதாவது ஊரார் கையெழுத்திட்ட கோரிக்கை மனுவை, புரட்டிப் பார்த்தார். "இப்பிடிக் கையெழுத்துச் சேர்த்துத்தான் அங்க நாங்கள் வாக்கெடுப்பே நடத்த வைக்கிறம்" என்றார். கேட்ட பெடியளுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது.

அவர் சொன்னது பொய்யில்லை. சுவிசில் 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் கையெழுத்துச் சேர்த்தால், அரசியலமைப்பைத் திருத்தக் கேட்டு நாடளாவிய வாக்கெடுப்புக்குப் போகலாம். கன்டோன் எனப்படும் மாநிலங்களுக்கு வேறு வேறு கணக்கு. கிளாருஸ் மாநிலத்தில் மே மாதத்தில் சனம் திறந்தவெளியில் கூடி, கையை உயர்த்தியே மாநிலச் சட்டங்களை முடிவு செய்கிறது.

அதை அப்படியே இங்கே எதிர்பார்ப்பதுதான் முதல் பிழை. இலங்கையில் எத்தனை கையெழுத்துச் சேர்ந்தாலும் அது சர்வசன வாக்கெடுப்பைக் கட்டாயமாக்காது. மக்களிடம் விடுவது ஜனாதிபதியின் கையில். நாடு முழுக்க அப்படி நடந்தது ஒரே ஒரு முறை, 1982 டிசம்பர் 22 அன்று. தேர்தல் வைக்காமல் நாடாளுமன்றத்தின் ஆயுளை 1989 வரை நீட்டலாமா என்பது கேள்வி. ஆம் என்றால் விளக்குச் சின்னம், இல்லை என்றால் குடம். யாழ் மாவட்டத்தில் விழுந்த வாக்குகளில் பத்தில் ஒன்பது குடத்துக்கு. வென்றது விளக்கு.

சரி, அப்படியென்றால் மகஜர் வீண்வேலையா? இல்லை, எழுதுகிற விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. எங்களுடையதைப் பாருங்கள். முதல் பக்கத்தில் கோரிக்கை. பின்னால் எட்டுப் பக்கம் வெறும் கையெழுத்து. அந்த எட்டையும் கழற்றி எந்தக் கோரிக்கைக்குப் பின்னாலும் குத்தலாம்! ஓரிடத்தில் ஒரே பேனையில், ஒரே சாய்வில் ஒரு வீட்டின் ஐந்து பெயர்கள். சுவிசில் ஒவ்வொரு தாளிலும் கோரிக்கை முழுதாக இருக்க வேண்டும், அவரவர் பெயரை அவரவரே எழுத வேண்டும், பிறகு உள்ளூராட்சி சரிபார்க்கும். மச்சானிடம் நாங்கள் படித்திருக்க வேண்டியது இதைத்தான்.

அடுத்தது, கந்தோர் மாறிக் கொடுப்பது. பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, நடுத்தரமானவை மாகாணத் திணைக்களத்துக்கு, உள்வீதிகள் பிரதேச சபைக்கு. நாங்கள் விசாரிக்காமலே ஒரு கந்தோரில் கொடுத்தோம். நாலு மாதம் சத்தமில்லை. மாகாண சபை உறுப்பினரைப் பிடிக்கலாம் என்றால், 2013 செப்டெம்பரில் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரிலேயே முடிந்துவிட்டது.

வீதிக்கு மட்டுமில்லை, பிடிக்காத சட்டமூலம் ஒன்று வந்தால் நிறைவேறும்வரை பார்த்திருப்பதும் பிழை. நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது சபையின் அலுவல் பட்டியலில், ஏறியதும் அது அரசியலமைப்புக்கு முரண் என்று எந்தக் குடிமகனும் உயர் நீதிமன்றம் போகலாம், ஆனால் கிடைப்பது நாள்கணக்கு. சட்டமாகிவிட்டால் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது.

கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதிலும் முதல் தடவை சறுக்கினோம். மகஜர் கொடுத்த அதே கந்தோரிடம் "ஏன் இன்னும் திருத்தவில்லை?" என்று கேட்டோம். அது சண்டைக்கு நல்ல கேள்வி, தகவலுக்கு அல்ல. அப்புறம் மாற்றி எழுதினோம்: இந்த வீதி யாருடைய பதிவேட்டில் இருக்கிறது, கடந்த இரண்டு வருடத்தில் வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு. காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் முடிவைச் சொல்ல வேண்டும். கொடுத்ததற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் படியிறங்காதீர்கள், நாட்களை எண்ணுவது அதிலிருந்துதான்.

ஒரு வரியில் பதில் வந்தது: வீதி தங்களுடையது இல்லை, மாகாணத்துடையது.

இப்போது புது மகஜர், ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் கோரிக்கையோடு, உரிய கந்தோருக்குப் போயிருக்கிறது. மச்சான் வட்ஸ்அப்பில் விடாமல் கேட்கிறார், வாக்கெடுப்பு எப்ப என்று.