லயத்தில் நடந்த கால்கள், தாமானில் உட்கார்ந்த இதயம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அம்மா பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, மரங்கள் நிற்கும் தீம்பாருக்குள் நுழைந்தால் ஏறக்குறைய 500 மரம். ஒவ்வொரு மரத்துக்கும் குனிந்து நிமிர வேண்டும். பிறகு அதே மரங்களுக்குத் திரும்பிப் போய்ப் பாலெடுத்து, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் வாளிகளை மாட்டி ஸ்டோருக்குச் சுமக்க வேண்டும். உடற்பயிற்சி என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. இன்று மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில், பழைய ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் எங்கள் ஊரில், அவர் பெற்ற நால்வரில் மூவர் இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறோம்.

"நம்மது உழைத்த உடம்பு, நமக்கு ஒன்றும் வராது." எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு இது. முதல் தவறும் இதுதான். அம்மா நடந்த நடை அம்மாவோடு போயிற்று. உடலின் உழைப்பைப் பரம்பரைச் சொத்தாகச் சேர்த்து வைக்க முடியாது. சில வாரங்கள் அசையாமல் இருந்தாலே தசை தளர்ந்து, சர்க்கரையை உறிஞ்சும் திறனும் குறைகிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடம் மட்டும் பார்த்தால் அது 31.4 விழுக்காடு. 52 நாடுகளில் மாரடைப்பைப் பற்றி நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு இன்னொன்றையும் காட்டியது: தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. பிள்ளைகள் படித்து முடிக்கும் வயதில் நம் வீட்டு ஆண்கள் விழுவது விதியால் அல்ல.

ஊர் எப்படி மாறியது என்பதைப் பார்க்காமல் இதைப் பேச முடியாது. இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை (எண்ணெய்ப் பனை) பயிர் தொடங்கியது. ரப்பர் மரத்தைத் தினமும் தேடிப் போக வேண்டும்; செம்பனைக் குலையை 10, 15 நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். ரப்பர் போய்ச் செம்பனை வந்த இடமெல்லாம் ஆள் தேவை குறைந்தது. லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள், காலியானது. தாமான் என்னும் வீடமைப்புப் பகுதிக்கும் பிளாட்டுக்கும் வந்தோம். லயத்தில் கோயில், கடை, தமிழ்ப்பள்ளி, ஆயாக் கொட்டகை, பந்து விளையாடும் திடல் எல்லாமே நடந்து போகும் தூரத்தில் இருந்தன. தாமானில் ஒரு ரொட்டி வாங்கவும் மோட்டார் எடுக்கிறோம். வேலையும் மாறியது: ஜாகா (காவல்), லோரி, தொழிற்சாலையில் ஓரிடத்தில் உட்கார்ந்து பொருள் சேர்ப்பது. அண்ணன் 12 மணி நேரம் ஒரு சிறிய காவல் கூண்டில் உட்கார்ந்து வருகிறவர்.

ஆகவே இரண்டாவது தவறு, எல்லாவற்றையும் சோம்பேறித்தனம் என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவது. இந்தத் தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஏனென்றால் திட்டு வாங்குபவர்கள் பெரும்பாலும் நாள் முழுக்க வேலை செய்து களைத்தவர்கள்.

நடக்க வசதியான பகுதியில் இருப்பவர்கள் ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. நடக்கப் பிடித்தவர்கள்தான் அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போயிருப்பார்களோ என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். அதற்கு அமெரிக்காவில் ஒரு பதில் கிடைத்தது. 1990-களில் 5 பெருநகரங்களின் வறிய பகுதிகளில் வாழ்ந்த குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு வறுமை குறைந்த பகுதிக்குக் குடிபோக வாடகை உதவி கொடுத்தார்கள். 10 முதல் 15 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்த வாய்ப்பைப் பெற்ற பெண்களிடம் மிகை உடல் பருமனும் நீரிழிவும் குறைவாக இருந்தன. 2011-இல் வெளியான முடிவு இது. யாரும் அவர்களுக்கு உணவுப் பட்டியலோ உடற்பயிற்சி வகுப்போ கொடுக்கவில்லை. இடம் மட்டும் மாறியது.

நம்மால் எல்லோரும் வீடு மாற முடியாது. ஆனால் தெரு மாறலாம். எங்கள் தாமானில் மாலை 7.30-க்கு மேல் பெண்கள் ஏன் நடப்பதில்லை என்று அக்காளிடம் கேட்டேன். அவர் விரல் விட்டு எண்ணினார்: மூன்றாவது சந்தில் விளக்கு எரிவதில்லை, காலி வீட்டு முன்னால் நாய்க் கூட்டம், மூடி இல்லாத கால்வாய், கைப்பை பறிப்புப் பயம். இதில் ஒன்றாவது மன உறுதியால் தீருமா? தெருவிளக்கு எரியாததை வாட்சாப் குழுவில் மட்டும் புலம்பிவிட்டு விடுவது நாம் எல்லோரும் செய்யும் தவறு. விளக்குக் கம்பத்தில் உள்ள எண்ணைக் குறித்து, படம் எடுத்து, நகராண்மைக் கழகத்துக்குப் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் கொடுப்பதைவிடத் தெருவில் பத்து வீடு கையெழுத்திட்டுக் கொடுப்பது கனமானது. கால்வாய் மூடியும் அப்படித்தான். இதை இதய மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே நான் நினைக்கிறேன்.

அது நடக்கும்வரை, கூட்டமாக நடங்கள். வெள்ளிக்கிழமை கோயிலுக்கு நான்கு பெண்கள் சேர்ந்து நடந்து போவதும், பாசார் மாலாம் இரவுச் சந்தைக்கு மோட்டாரை ஒரு தெரு தள்ளி நிறுத்திவிட்டுப் போவதும் கணக்கில் சேரும். மழைக் காலத்தில் கடை வரிசையின் முன்னால் கூரையுள்ள அஞ்சடி நடைபாதை இருக்கிறது. அதை மோட்டாரும் அட்டைப் பெட்டியும் அடைத்துக்கொள்ளாமல் இருந்தால் வயதானவர்களுக்கு அதைவிட நல்ல நடைபாதை நம் ஊரில் இல்லை.

காலையில் நடந்துவிட்டோம், இனி நாள் முழுக்க உட்காரலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. நடப்பது வேறு, உட்காருவது வேறு. இரண்டையும் தனித்தனியாகக் கவனிக்க வேண்டும். 1953-இல் லண்டன் பேருந்துகளில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் கண்டது இன்றும் மறக்கக் கூடாதது: உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, இரண்டடுக்குப் பேருந்தில் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவு. ஒரே நிறுவனம், ஒரே பேருந்து. உட்காரும்போது கால் தசை ஓய்ந்துபோவதால் இரத்தத்தில் உள்ள சர்க்கரையும் கொழுப்பும் மெதுவாகவே கரைகின்றன. 2012-இல் ஆஸ்திரேலியாவில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து 2 நிமிடம் மெல்ல நடந்தவர்களுக்கு, உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைந்தது. ஜாகா கூண்டில் இருப்பவர் வாசல் கதவுவரை போய்வந்தாலே 2 நிமிடம் ஆகிவிடும்.

எல்லா உட்காருதலும் ஒன்றல்ல என்பதையும் பலர் அறியார். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஜாக்சன் நகரக் கறுப்பின மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2019-இல் வந்தது. வேலையில் அதிகம் உட்கார்ந்தவர்களுக்கு ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. ஆனால் தினமும் 4 மணி நேரத்துக்கு மேல் தொலைக்காட்சி பார்த்தவர்களுக்கு, 2 மணி நேரத்துக்கும் குறைவாகப் பார்த்தவர்களைவிட இதய நோயோ மரணமோ வரும் வாய்ப்பு 50 விழுக்காடு அதிகம். இரவு வயிறு நிறையச் சாப்பிட்டு, அசையாமல், நொறுக்குத் தீனியோடு மணிக்கணக்கில் இருப்பதுதான் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினர். நம் வீட்டுக் கூடத்தை அப்படியே சொன்னது போல இருக்கிறது. எட்டரை மணிக்குச் சோறு, பிறகு தொடர் மேல் தொடர். சாப்பிட்ட தட்டைக் கழுவி, வாசலில் பத்து நிமிடம் நடந்துவிட்டு உட்காருங்கள். விளம்பரம் வரும்போதெல்லாம் எழுந்திருங்கள்.

வெயிலையும் புகைமூட்டத்தையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நண்பகலில் நடக்க வேண்டாம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டிய நாளில் வெளியே நடப்பது இதயத்துக்குச் சுமைதான், வீட்டுக்குள் நடங்கள். புகைமூட்டம் கலைந்த பிறகும் பழக்கத்தைத் தொடராமல் விடுவதுதான் பெரிய நட்டம்.

கடைசியாக, சொல்லவே கனமான ஒன்று. போன வருடம் ஓர் இரவு, நெஞ்சு கனக்கிறது, தாடை இழுக்கிறது என்று அண்ணன் சொன்னார். வியர்த்துக் கொட்டியது. அண்ணி ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தார். "கேஸ்தான்டா தம்பி, காலையில சரியாயிடும்" என்றார் அண்ணன். நானும் நம்பினேன். காலையில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உயிர் தங்கியது, இதயத் தசையில் ஒரு பகுதி தங்கவில்லை. அடைபட்ட இதய இரத்தக் குழாயை எவ்வளவு சீக்கிரம் திறக்கிறார்களோ அவ்வளவு தசை பிழைக்கும் என்று அங்கே விளக்கினார்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரலாம். பெண்களுக்கு மூச்சுத் திணறலாகவோ, முதுகு வலியாகவோ, காரணமில்லாத களைப்பாகவோ காட்டலாம்.

40 வயதும் அதற்கு மேலும் ஆன பி40 (வருமானத்தில் கீழ்நிலை 40 விழுக்காடு) குடும்பத்தார் பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை செய்துகொள்ள முடியும். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். இடுப்புச் சுற்றளவை வீட்டு டேப்பிலேயே பாருங்கள்: நம் இன ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கிளினிக்குக்குப் போக வேண்டும். நெஞ்சு கனக்கும் இரவில் காலைவரை காத்திருக்க வேண்டாம். நோயாளியை மோட்டாருக்குப் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோகவும் வேண்டாம். வழியில் மயங்கினால் இருவரும் விழுவீர்கள். அவரை அப்படியே உட்காரவைத்து, 999 அவசர எண்ணை அழைத்து, தாமான் பெயரையும் தெரு எண்ணையும் சொல்லி, ஒருவரை முச்சந்தியில் டார்ச் விளக்கோடு நிறுத்தி வையுங்கள்.